கிளட்ச் கால்

இன்ஜின் இல்லாத பஸ்ஸின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து அவன் கிளட்சை மிதித்துக்கொண்டிருந்தான். மிதிப்பதும் விடுவதும் மறுபடி மிதிப்பதும்தான் வேலை. பணிமனையின் பின்சுவர் ஓரம், கண்ணாடியெல்லாம் கழற்றப்பட்டு, சக்கரங்களுக்குப் பதிலாக மரக்கட்டைகளின் மேல் நிற்கிற பழைய பஸ் அது. இன்ஜின் போய்விட்டால் பெடலில் இறுக்கம் இருக்காது என்பதால், மெக்கானிக் அதன் அடியில் ஒரு ஸ்பிரிங்கை மாட்டிக் கொடுத்திருந்தார். முதலில் மாட்டியது ஸ்கூட்டர் ஸ்பிரிங். அது லேசாகிப் போனதும் வேறொன்று, அதுவும் பழகியதும் இன்னொன்று. இப்போது இருப்பது ஓடுகிற பஸ்ஸின் கிளட்சைவிடக் கொஞ்சம் முரடு. வேண்டுமென்றே அப்படி மாட்டச் சொல்லியிருந்தான்.

டீ குடிக்கப் போகிறவர்களுக்கு அந்தப் பக்கம்தான் வழி. ஒருவரும் சும்மா போவதில்லை.

"என்ன நெட்டை, வண்டி எந்த ஊருக்குப் போகுது?"

"ஏறுங்க, கேக்குற எடத்துல எறக்கி விடுறேன்."

"ஏசி உண்டா?"

"கண்ணாடியே கெடையாது. இதுக்கு மேல என்னா காத்து வேணும் ஒங்களுக்கு?"

நெட்டை என்றால் சாதாரண நெட்டை இல்லை. பஸ்ஸுக்குள் ஏறும்போது குனிந்து ஏறி, இருக்கையை எட்டினமட்டும் பின்னால் தள்ளிவிட்டு உட்கார்கிற உயரம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வைத்த பெயர், நோயிலும் போகாமல் நிலைத்துவிட்டது. தலைமுடி முழுக்கக் கொட்டிய நாட்களில்கூட "மொட்டை" என்று யாரும் மாற்றிக் கூப்பிடவில்லை. அவ்வளவு கேலி பேசுகிறவர்கள் அந்த ஒரு கேலியை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள்.

அவனோடு ஒரே பஸ்ஸில் ஓடிய கண்டக்டர், கட்டைகளின் மேல் கால்வைத்து ஏறி வந்து பின்சீட்டில் உட்கார்ந்தார். எவ்வளவு பெரிய நோட்டை நீட்டினாலும் முகம் சுளிக்காமல் பாக்கி கொடுப்பார் என்பதால் அவருக்குச் சில்லறை என்று பெயர். அவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

"போதும்டா. முட்டி நடுங்குது பாரு."

"நடுங்கட்டும்ணே. வியாழக்கிழம நடுங்காம இருந்தாச் சரி."

வியாழக்கிழமை வண்டி ஓட்டிக் காட்டும் பரிசோதனை. அதில் தேறி, மருத்துவக் குழுவும் சரி என்றால் பழைய இருக்கை, பழைய தடம். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவன் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

ஓட்டுநர்களுக்கு இடது முட்டி வலிப்பது புதிதல்ல. நெரிசலான தடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் கிளட்சை மிதிக்கிறார்கள் என்பது அந்த முட்டிக்குத்தான் தெரியும். அந்தப் பணிமனையில் அதற்குக் கிளட்ச் வலி என்றே பெயர். அனுபவம் இருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம் மாதிரி. அவனுக்கு வலி வந்தபோது ஆளாளுக்கு ஒரு தைலம் சொன்னார்கள். "இப்பத்தான் நீ டிரைவர் ஆயிருக்க" என்று ஒரு மூத்த ஓட்டுநர் முதுகில் தட்டிக்கொடுத்தார். மற்றவர்களுக்கெல்லாம் ஓய்வு நாளில் வலி விட்டுப்போகும். அவனுக்குப் படுத்தாலும் வலித்தது. அதையும் கிளட்சின் கணக்கிலேயே எழுதிவிட்டுத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு ஓட்டினான். முட்டிக்கு மேலே ஒரு பக்கம் மட்டும் புடைத்துக்கொண்டு வந்ததை முதலில் பார்த்தவள் அவன் மனைவி.

"இது தேய்க்கிற வலி இல்லைங்க. கைக்கு எலும்பாட்டம் படுது" என்றாள். அவள் சட்டைக் காலர் தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறவள். துணிக்குள் ஒரு முடிச்சு இருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் போன ஆஸ்பத்திரியில் படத்தைப் பார்த்துவிட்டு எலும்புப் புற்று என்றார்கள், காலைத் தொடையோடு எடுத்துவிடலாம் என்றார்கள். சொன்னவர் நல்லவிதமாகத்தான் சொன்னார், உயிரைக் காப்பாற்றத்தான் சொன்னார். மனைவி படத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வெளியே வந்ததும், "இன்னொருத்தர்கிட்ட காட்டாம யாரும் ஒங்க காலத் தொடக் கூடாது" என்றாள். அவனுக்கு அழுகை வந்ததற்கு அந்த அதட்டல்தான் காரணம்.

இன்னொருத்தர் என்று வாய்த்தவர் ஒரு பெண் டாக்டர். ஐம்பது வயதிருக்கும், தடித்த கண்ணாடி, பேச்சில் சுற்றி வளைத்தல் கிடையாது. படங்களை விளக்குப் பெட்டியில் மாட்டி, பேனாவின் பின்முனையால் காட்டினார்.

"கட்டி இங்க இருக்கு, முட்டிக்கு மேல. ரத்தக்குழாயும் நரம்பும் இதோ, பின்னாடி ஓடுது. கட்டி அதுங்களை இன்னும் பிடிக்கல. பிடிச்சிருந்தா நானும் காலை எடுக்கத்தான் சொல்லியிருப்பேன். மொதல்ல மருந்து ஏத்திக் கட்டியை அடக்கணும். அப்புறம் கட்டியைத் தொடாம, சுத்தி நல்ல சதையும் கொஞ்சம் சேர்த்து உறை போட்ட மாதிரி மொத்தமா எடுக்கணும். கத்தி கட்டிக்குள்ள பட்டுட்டா பாடுபட்டதெல்லாம் வீண். எடுத்த எடத்துல உலோகத்துல எலும்பும் முட்டியும் வைப்போம்."

"கால் இருக்குமா மேடம்?" என்று மனைவி கேட்டாள்.

"உயிர் மொதல்ல, கால் அடுத்தது. உள்ள போய்ப் பார்த்து ஒண்ணுக்காக இன்னொண்ணை விடணும்னா எதை விடுவேன்னு இப்பவே சொல்லிட்டேன். ஆனா சும்மா விட மாட்டேன்." பேனாவை மூடினார். "என்ன வேலை பாக்குறீங்க?"

"பஸ் டிரைவர்."

"கிளட்ச் எந்தக் கால்?"

"இதே கால்தான் மேடம்."

டாக்டர் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை மருந்தேற்றிக்கொள்ளப் போனபோது அவரே கட்டிலருகே வந்து நின்றார். "நேத்து கார எடுக்கல. பஸ்ஸுல வந்தேன். மொத சீட்டுல உக்காந்து டிரைவர் காலையே பாத்துக்கிட்டு வந்தேன். அவரு பாவம், செருப்பு கிழிஞ்சிருக்கறதப் பாக்குறேன்னு நெனச்சுக்கிட்டாரு. காலை உள்ள உள்ள இழுத்துக்கறாரு."

வாந்தியில் சுருண்டு கிடந்தவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பும் வலித்தது.

"தொடை முன்பக்கத்துல நாலு தசை. கட்டியை ஒட்டி இருக்கறது ஒண்ணு, அது போயே ஆகணும். மத்த மூணையும் எவ்வளவு காப்பாத்த முடியுமோ அவ்வளவு காப்பாத்துறேன். மடக்கி வெச்ச காலை முழு வேகத்தோட நீட்டணும், அதானே கிளட்ச்சு? அதை மனசுல வெச்சுத்தான் வெட்டுவேன்." பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "ஆனா சிலது எப்பவும் முடியாது. குத்துக்கால் போட்டு உக்காரக் கூடாது, மண்டி போடக் கூடாது, ஓடக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. வழுக்கி விழவே கூடாது. ஆயுசுக்கும்."

"டிரைவருக்குக் குத்துக்கால் எதுக்கு மேடம்," என்றாள் மனைவி. "ராஜாவாட்டம் சீட்டுல உக்காந்தே சம்பாதிக்கிறவரு."

ஆபரேஷன் நாளில் சில்லறை விடுப்பெடுத்துக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். ஜன்னல் வெயில் சுவரில் ஏறி, மெல்ல இறங்கி, தரையை விட்டும் போய்விட்டது. கதவு திறக்கும்போதெல்லாம் இருவரும் எழுந்தார்கள். வேறு யாருக்கோ வேறு ஏதோ சேதி. சில்லறை வாங்கி வந்த பன்னை அவள் பிய்க்கவில்லை. அவரும் பிய்க்கவில்லை.

டாக்டர் வெளியே வந்தபோது முகத்தில் முகமூடியின் தடம் வரிவரியாகப் பதிந்திருந்தது. அவர் நின்று பேசவில்லை. நேராக வந்து அவளுக்குப் பக்கத்தில், அதே பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"கால் இருக்கு. கட்டி முழுசா, மூடின மாதிரியே வந்துடுச்சு. மயக்கம் தெளிஞ்சதும் விரலை அசைக்கச் சொன்னேன், அசைச்சிட்டார்."

அவள் கும்பிடக்கூட மறந்துவிட்டாள். டாக்டரின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க நின்றே இருந்ததில் அவை செருப்பு வார்களைத் தாண்டி வீங்கியிருந்தன. சில்லறைதான் சுதாரித்துக்கொண்டு, கையிலிருந்த பன்னை நீட்டினார். டாக்டர் மறுக்காமல் வாங்கிப் பாதியைக் கடித்தார்.

காலைக் காப்பாற்றியது டாக்டர். அந்தக் காலை வேலைக்கு இழுத்து வந்தது அவன்தான். முதல் நாள் படுக்கையில் நீட்டியபடி காலைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கு என்று மனசு சொல்கிறது, கால் யாருடையதோ போல் கிடக்கிறது. வியர்த்துக் கொட்டியது. வீட்டுக்கு வந்த பிறகு மனைவி அவனுடைய பழைய சீருடைக் கால்சட்டையை வெட்டி, இரட்டைத் தையல் போட்டு, மணலை நிரப்பி ஒரு பை தைத்தாள். அதைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்ட வேண்டும். காலையில் அவள் பட்டறைக்குக் கிளம்பும்முன் ஒரு தரம், திரும்பி வந்ததும் ஒரு தரம். இடையில் அவன் தானாகச் செய்தது எத்தனையோ.

"முடியலடி."

"ரோட்ல எவனாவது குறுக்க வந்தா என்னா வாய் பேசுவீங்க. அந்த வீரமெல்லாம் எங்க போச்சு? தூக்குங்க."

"ஒன்ன மாதிரி ஒருத்தி இருந்தா எருமைகூட எழுந்து ஓடும்."

"அப்ப எருமையவிட மோசமா இருக்காதீங்க. தூக்குங்க."

மறுபடி மருந்தேற்றினார்கள், மறுபடி வாந்தி, மறுபடி மணல் பை. ஊன்றுகோல் இரண்டிலிருந்து ஒன்றாகி, அதுவும் போய், நொண்டல் மட்டும் மிஞ்சி, அதையும் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும் என்று ஆனது. ஒருநாள் பணிமனைக்குப் போய் மெக்கானிக்கிடம், "அண்ணே, அந்தச் செத்த பஸ்ஸுல கொஞ்சம் உக்காந்துக்கிடவா?" என்று கேட்டான். மெக்கானிக் எதற்கு என்று கேட்கவில்லை. பெடலைக் குனிந்து பார்த்துவிட்டு ஸ்பிரிங் தேடப் போய்விட்டார்.

வியாழக்கிழமை வந்தது. பரிசோதகர் ஓய்வு பெறுகிற வயதுக்காரர். எத்தனையோ பேரைப் பெயிலாக்கியவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. கையில் ஒரு டீயோடு ஏறி, இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, "கெளப்பு" என்றார்.

அவன் கிளப்பினான். காயலான்கடை பஸ்ஸின் முரட்டு ஸ்பிரிங்குக்குப் பழகிய காலுக்கு இந்தக் கிளட்ச் பஞ்சாக இருந்தது. சந்தைத் தெரு, நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து நகர வேண்டிய இடம், பள்ளிக்கூட வளைவு, அதற்கப்புறம் பாலத்து ஏற்றம். ஏற்றத்தின் நட்டநடுவில் பரிசோதகர் கையைக் காட்டினார். நிறுத்தினான். பின்னால் ஒரு கார் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. "எடு" என்றார். பாரவண்டி ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது ஒரு சாணாவது பின்னால் வரும், அதுதான் வழக்கம். கிளட்சைப் பாதி விட்டு, வண்டி மூச்சு வாங்குகிற அந்த ஒரு நொடியை இடது காலால் பிடித்து நிறுத்தினான். பஸ் பின்னால் வரவில்லை. ஒரு விரற்கடைகூட வரவில்லை. அப்படியே மேலேறியது.

பணிமனைக்குத் திரும்பியதும் பரிசோதகர் காலி டம்ளரோடு இறங்கினார். அங்கே கூடி நின்றவர்களைப் பார்த்து, "எத்தன வருஷமா டெஸ்ட் எடுக்குறேன். டீய மேல ஊத்திக்காம குடிச்சது இன்னிக்குத்தான்" என்றார். கைதட்டலில் காக்கைகள் பறந்தன. சில்லறை அவனைத் தூக்கப் பார்த்து, உயரம் கட்டுப்படாமல் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றார். அவனைக் கேலி செய்தவர்கள் எல்லோரும் அன்றைக்கு அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள், அவனும் வயிறு கொள்ளுமட்டும் குடித்தான்.

மருத்துவக் குழுவில் மூன்று டாக்டர்கள். அவனை நடக்கச் சொன்னார்கள், படியேறச் சொன்னார்கள், காலை நீட்டச் சொல்லி உள்ளங்காலில் கை வைத்து எதிர்த்துத் தள்ளினார்கள். தள்ளியவர்தான் பின்னால் நகர்ந்தார். படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்தார்கள். தொடையின் நடுவிலிருந்து முட்டியைத் தாண்டி உலோகம் வெள்ளை வெளேரென்று தெரிந்தது.

"பிரமாதம்," என்றார் ஒருவர். "யாரு பண்ணது? இவ்வளவு தசைய மிச்சம் வெச்சிருக்காங்களே."

"ஓட்டுறதுலயும் முழு மார்க்கு வாங்கியிருக்காரு," என்றார் இன்னொருவர். படத்தைக் கை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மூன்று பேருக்கும் உண்மையிலேயே சந்தோஷம்தான். பிறகு நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆனா செயற்கை மூட்டு இருந்தா கனரக வண்டி குடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு தம்பி."

"சார், ஏத்தத்துல நிறுத்தி எடுத்தேன். பின்னால வரவே இல்ல."

"தெரியும்பா. இந்த மாதிரி ஆபரேஷன் வர்றதுக்கு முன்னாடி எழுதின விதி அது. மாத்துறது எங்க கையில இல்ல."

அவனுடைய டாக்டர் போனில் அவர்களோடு நெடுநேரம் பேசினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் குரல் அவ்வளவு உயர்ந்து அதுவரை யாரும் கேட்டதில்லையாம். "நீங்க பரிசோதிச்சீங்களா, படத்தப் பரிசோதிச்சீங்களா?" என்று கேட்டாராம். விதி அப்படியே இருந்தது.

பணிமனை மேலாளர் அவனை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துத்தான் பேசினார். கெட்ட மனுஷர் இல்லை.

"வீட்டுக்கு அனுப்பச் சொன்னாங்க. நான்தான் சண்ட போட்டு லைட் டூட்டி வாங்கியிருக்கேன். எங்கிட்ட லைட் டூட்டியில ரெண்டே எடம். வாசல் காவல், வண்டி கழுவுறது. காவல வெளி ஆளுங்களுக்குக் காண்டிராக்ட் விட்டாச்சு. கழுவுற எடத்துல வீல் தேய்க்கிற வேலை காலியா இருக்கு."

"சார், வீல் தேய்க்கக் குத்துக்கால் போட்டு உக்காரணும். இந்தக் காலால அது ஒண்ணுதான் முடியாது."

"முடியாதா?"

"முடியாது சார். சீட்டுல உக்காந்து ஓட்டறதுன்னா நாள் முழுக்க ஓட்டுவேன்."

மேலாளர் பெருமூச்சு விட்டார். "குந்தக்கூட முடியாதுன்னு நீயே சொல்ற. அப்புறம் மெடிக்கல் போர்டு ஒன்ன அன்ஃபிட்டுன்னு சொன்னதுல என்ன தப்பு? இத வெளிய போய்ச் சொல்லிக்கிட்டு இருக்காத. லைட் டூட்டியும் போயிரும்."

வீட்டில் மனைவி கேட்டுவிட்டுக் கத்திரிக்கோலை மேசையில் போட்டாள். "வேணாம். முடியாதுன்னு சொல்லிட்டு வந்துருங்க. நான் ரெண்டு ஷிப்டு தைக்கிறேன்."

"சொன்னா வேலைய விட்டதா எடுத்துக்குவாங்க. வருஷக்கணக்கா ஸ்கேன் பாக்கணும்னு மேடம் சொன்னாங்கல்ல? கம்பெனி ஆளா இருக்குறவரைக்கும்தான் ஆஸ்பத்திரியில நம்மளப் பாப்பாங்க."

"காலப் பாத்துக்கிறதுக்காகக் காலக் கெடுத்துக்கணுமா?"

அவள் அவனுடைய காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, நீளத் தழும்பின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவளும் அழுதாள், அவனும் அழுதான். ஒருவரையொருவர் சமாதானப்படுத்த முயலவில்லை.

கழுவுமிடம் என்பது மூன்று பஸ்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற அளவுக்குச் சரிவான சிமெண்டுத் தளம். சோப்புநீரும் கரியும் கிரீசும் கலந்து எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். கூரையும் பக்கவாட்டும் கழுவுகிறவர்கள் நின்று கழுவலாம். சக்கரத்தின் உள்பக்கச் சேற்றைக் குந்தித்தான் தேய்க்க வேண்டும். நீளக் கம்பில் பிரஷைக் கட்டி நின்றபடியே தேய்த்துப் பார்த்தான். சூப்பர்வைசர் விரலை உள்ளே விட்டு, கரியைக் காட்டி, "கையாலதான்யா" என்றார்.

பஸ்ஸின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, வலது காலை மெல்ல மடக்கி, தரையில் கையூன்றி, உடம்பைச் சாய்த்து இறக்கிப் படுத்தான். குந்தக் கூடாத காலை மடக்காமலே முன்னால் நகர்த்தினான். முதுகு ஈரத்தில் நனைந்தது. தலையும் தோளும் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்விட்டன. அவ்வளவு உயரமான ஆளுக்கு அந்த இடம் போதவில்லை. இடது கால் நேராக நீண்டு, பக்கத்துத் தளத்துக்குள், பஸ்கள் பின்னால் வருகிற வழியில் கிடந்தது. அவன் பிரஷை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினான். அரைகுறையாகத் தேய்க்க அவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு போல்ட்டாகச் சுற்றித் தேய்த்தான்.

சில்லறையின் பஸ் டீ நேரத்துக்கு உள்ளே வந்து நின்றது. அவர் டீக்கடைப் பக்கம் போகவில்லை. பணப்பையைத் தோளில் மாட்டியபடியே தண்ணீருக்குள் செருப்போடு நடந்து வந்தார்.

"டேய்."

"என்னாண்ணே."

"ஒண்ணுமில்ல. நீ தேயி."

அவர் இறங்கி வந்த பஸ்ஸே பக்கத்துத் தளத்துக்கு ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அவனுடைய பழைய தடத்துக்குப் போட்டிருந்த புது ஓட்டுநருக்குக் கிளட்ச் இன்னும் கைவரவில்லை, வண்டி குதித்துக் குதித்துப் பின்னால் வந்தது. சில்லறை அந்த நீண்ட காலுக்கும் பஸ்ஸின் பின்சக்கரத்துக்கும் நடுவில் போய் நின்று, ஒரு கையை உயர்த்திக் காட்டிக்கொண்டு, விசிலை வாயிலிருந்து எடுக்காமல் ஊதினார்.